அகஸ்டஸ் வீட்டில் வாரிசு என்பவர் யார்? முதல் ரோமானிய அரச குடும்பம் பற்றிய விவாத இழை

பொருநை எழுதியது:

அகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ ஆகிய ஐவரும் கி.மு. 27 முதல் கி.பி. 68 வரை அடுத்தடுத்து ரோமை ஆண்டனர். இவர்களில் ஒருவருக்குப் பின்னும் அவர் பெற்ற மகன் ஆட்சிக்கு வரவில்லை. ஆனாலும் இதை ஒரே குடும்பத்தின் ஆட்சி என்றே எல்லோரும் சொல்கிறோம். இந்தக் குடும்பத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நஞ்சிலும் படுக்கையறைச் சூழ்ச்சியிலும் போய் நின்றுவிடுவதால், அதற்கு முந்தைய கேள்வி ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். அந்த வீட்டில் ஒருவரை வாரிசாக்கியது எது?

சட்டப்படி அகஸ்டஸ் மன்னர் அல்லர். மாகாணப் படைகளின் தலைமை, செனட்டின் முடிவைத் தடுக்கவல்ல டிரிபியூன் அதிகாரம் எனச் செனட்டும் மக்கள் அவையும் தனித்தனியே வழங்கிய உரிமைகளின் தொகுப்பே அவருடைய பதவி. அவர் இறந்தால் அவையும் அவரோடு முடியும். பிள்ளைக்குச் சேரக்கூடியவை பெயரும், சொத்தும், அந்தப் பெயருக்குப் படைவீரர்கள் காட்டும் விசுவாசமும்தான். அந்த விசுவாசத்தின் வலிமையை அகஸ்டஸைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. கி.மு. 44 மார்ச் மாதத்தில் ஜூலியஸ் சீசர் கொலையுண்டபோது, அவருடைய சகோதரி மகளின் மகனான ஆக்டேவியஸுக்கு (பின்னாளில் அகஸ்டஸ் ஆனவர் இவரே) வயது 18. கையில் எந்தப் பதவியும் இல்லை. சீசரின் உயில் அவரைத் தத்து மகனாக்கி, முக்கால் பங்குச் சொத்தையும் பெயரையும் தந்திருந்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பழைய படைவீரர்கள் அவர் பின்னால் திரண்டார்கள்.

ஆகவே பொதுச் சட்டம் தராத வாரிசுரிமையைக் குடும்பச் சட்டத்தின் வழியாக உண்டாக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. கி.மு. 17இல் நடந்த ஒரு சடங்கை ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகிறார்: அகஸ்டஸ் தம் மகள் ஜூலியாவின் பிள்ளைகளான கயஸையும் லூசியஸையும், அவர்களுடைய தந்தை அக்ரிப்பாவிடமிருந்து, வீட்டிலேயே காசும் தராசும் வைத்து வாங்கினார். தத்துக் கொடுக்கும் தந்தை மகனை விற்பதுபோன்ற ஒரு சடங்கு விற்பனையை ரோமானியச் சட்டம் கோரியது. வயது வந்த குடிமக்கள் ஐவர் சாட்சியாக நிற்க, ஒருவர் வெண்கலத் தராசைப் பிடித்திருக்க, வாங்குபவர் பிள்ளையின் மீது உரிமை கோரும் வாசகத்தைச் சொல்லிச் செப்புக்காசால் தராசைத் தட்டுவார். பிள்ளை மகனாக இருந்தால் இது மூன்று முறை நடந்தால்தான் பெற்றவரின் அதிகாரம் அறுபடும். கயஸுக்கு அப்போது மூன்று வயது. லூசியஸ் அதே ஆண்டில் பிறந்த குழந்தை. உலகின் பெரும்பகுதியை ஆள்வதற்கான உரிமை, அடிமையையும் மாட்டையும் நிலத்தையும் வாங்குவதற்கு வழங்கிய அதே முறையில் கைமாறியது.

இந்த ஏற்பாடுகளில் தொடக்கத்திலிருந்தே ஒரு குறை இருந்தது என்பதே என் கருத்து. ஒவ்வொரு புதிய திருமணமும் தத்தும் ஒரு வாரிசை உண்டாக்கின. ஆனால் பழைய திருமணமும் பழைய தத்தும் உண்டாக்கிய உரிமைகளை அவற்றால் அழிக்க முடியவில்லை. முந்தைய ஏற்பாட்டில் இடம்பெற்றவர் உயிரோடு இருக்கும்வரை, அடுத்த ஏற்பாட்டில் வந்தவர் நிம்மதியாக இருக்க வழியில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

முல்லைத்திணை எழுதியது:

தாங்கள் குறிப்பிட்ட அந்த விற்பனையில், பிள்ளைகளைப் பெற்ற ஜூலியாவின் சம்மதம் எங்கும் கேட்கப்படவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகஸ்டஸுக்குப் பிறந்த ஒரே பிள்ளை அவர். அவர் பிறந்த நாளிலேயே தாய் ஸ்கிரிபோனியாவை அகஸ்டஸ் மணவிலக்குச் செய்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், வேறொருவரின் பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்த லிவியாவை மணந்தார். லிவியாவின் மூத்த மகன் டைபீரியஸுக்கு அப்போது மூன்று வயது. இளையவர் ட்ரூசஸ் திருமணத்துக்குச் சில மாதங்களுக்குப் பின் பிறந்தார். அகஸ்டஸுக்கும் லிவியாவுக்கும் உயிரோடு பிள்ளை பிறக்கவில்லை. எனவே அகஸ்டஸின் இரத்தம் ஜூலியா ஒருவர் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போக முடிந்தது.

அதன் விளைவைப் பாருங்கள். கி.மு. 25இல் அத்தை மகன் மார்செல்லஸுக்கு ஜூலியாவைக் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் 19 வயதில் அவர் இறந்தார். கி.மு. 21இல் அகஸ்டஸின் ஒத்த வயது நண்பரும் தளபதியுமான அக்ரிப்பாவுக்குக் கொடுத்தார்கள். அதற்காக அக்ரிப்பா தம் மனைவியும் மார்செல்லஸின் சகோதரியுமான மார்செல்லாவை விலக்க வேண்டியிருந்தது. அக்ரிப்பாவை அவ்வளவு உயர்த்திவிட்ட பிறகு அவரை மருமகனாக்க வேண்டும் அல்லது கொல்ல வேண்டும் என்று அகஸ்டஸின் ஆலோசகர் மைசீனஸ் அறிவுரை கூறியதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். கி.மு. 12இல் அக்ரிப்பா இறந்ததும், அடுத்த ஆண்டே ஜூலியாவை டைபீரியஸுக்குக் கொடுத்தார்கள். டைபீரியஸின் மனைவி விப்சானியா, அக்ரிப்பாவுக்கு முந்தைய மனைவியிடம் பிறந்த மகள். மனமொத்து வாழ்ந்த அந்த இருவரையும் பிரித்தார்கள். பின்னொரு நாள் விப்சானியாவைத் தற்செயலாகப் பார்த்த டைபீரியஸ், கண்ணீர் ததும்ப அவரையே பார்த்தபடி பின்தொடர்ந்தார் என்றும், அதன்பிறகு விப்சானியா அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது என்றும் சூட்டோனியஸ் பதிவு செய்கிறார். பின்னாளில் டைபீரியஸ் கடுமையானவராக மாறியதை விளக்க எத்தனையோ காரணங்கள் சொல்லப்படுகின்றன. இந்த ஒரு பிரிவை நான் அவற்றில் முதலாவதாக வைப்பேன்.

நாழிகை எழுதியது:

நண்பர் பொருநை சட்டத்தை முன்னிறுத்துகிறார். என் பார்வையில் இது ஒரே வீட்டுக்குள் இரண்டு குடிகள் நடத்திய போட்டி. ஒரு பக்கம் ஜூலியாவின் பிள்ளைகளான யூலியர்கள். மறுபக்கம் லிவியாவின் பிள்ளைகளான கிளாடியர்கள். கயஸையும் லூசியஸையும் வளர்த்தெடுக்கும் வேகத்தைக் கண்டு மனம் வெறுத்த டைபீரியஸ் கி.மு. 6இல் ரோட்ஸ் தீவுக்குப் போய் ஒதுங்கினார். கி.மு. 2இல் ஜூலியா ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டில் பந்தாத்தேரியா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். கி.பி. 2இல் லூசியஸ் மசிலியாவிலும், கி.பி. 4இல் கயஸ் லிமிராவிலும் இறந்தார்கள். அவர்களின் கடைசித் தம்பி அக்ரிப்பா போஸ்துமஸ் பிளானாசியா தீவுக்கு அனுப்பப்பட்டு, கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்த கையோடு காவலர் தலைவர் ஒருவரால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய அக்காள் இளைய ஜூலியா கி.பி. 8 முதல் தீவில்தான் இருந்தார். ஒரு கிளை முழுவதும் உதிர்ந்த இடத்தில் மற்றொரு கிளை அரியணையில் அமர்கிறது. இதைத் தற்செயல் என்று எப்படிக் கொள்வது? லிவியாவின் மீது பழைய ஆசிரியர்கள் ஐயம் கொண்டதற்குக் காரணம் இருக்கத்தானே செய்கிறது?

பொருநை எழுதியது:

நண்பர் நாழிகை அவர்களுக்கு: வரிசைப்படுத்திப் பார்க்கும்போது அப்படித் தோன்றுவது உண்மைதான். ஆனால் இரண்டு குடிகள் என்ற பிரிப்பு கி.பி. 4 ஜூன் 26ஆம் நாளோடு நிலைகுலைந்துவிடுகிறது. அன்றைக்கு அகஸ்டஸ் டைபீரியஸையும் போஸ்துமஸையும் ஒருசேரத் தத்தெடுத்தார். அதற்கு முன்பாகவே டைபீரியஸ் தம் தம்பி ட்ரூசஸின் மகன் ஜெர்மானிக்கஸைத் தத்தெடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். டைபீரியஸுக்கு விப்சானியாவிடம் பிறந்த சொந்த மகன், தந்தைவழிச் சிற்றப்பன் பெயரையே தாங்கிய ட்ரூசஸ், உயிரோடு இருக்கும்போதே இந்த நிபந்தனை வந்தது. பிறகு ஜெர்மானிக்கஸுக்கு ஜூலியாவின் மகள் அக்ரிப்பினாவைத் திருமணம் செய்து வைத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் லிவியாவுக்கும் கொள்ளுப்பேரர்கள், அகஸ்டஸுக்கும் கொள்ளுப்பேரர்கள். ஜெர்மானிக்கஸின் தாய் அந்தோனியா மார்க் ஆண்டனியின் மகள் என்பதால், ஆக்டியம் போரில் எதிரெதிராக நின்ற இருவருமே கலிகுலாவுக்குக் கொள்ளுத்தாத்தாக்கள். இப்படிப்பட்ட ஒரு பிள்ளையை எந்தக் குடியில் சேர்ப்பது?

அந்தத் தத்து டைபீரியஸை என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு அப்போது 44 வயது. இரண்டு முறை ரோமின் உயர்பதவியான கான்சலாக இருந்தவர். ஜெர்மானியாவிலும் பன்னோனியாவிலும் படை நடத்தியவர். தந்தை இறந்து பல்லாண்டுகளாகத் தனி மனிதராகவும் குடும்பத் தலைவராகவும் இருந்தவர். தத்துக்குப் பின் அவர் சட்டப்படி மீண்டும் பிள்ளை நிலைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் யாருக்கும் கொடை வழங்கவில்லை, அடிமையை விடுவிக்கவில்லை, தமக்கு வந்த மரபுரிமைச் சொத்தைக்கூடத் தந்தை அனுமதித்த கைப்பொருளாக மட்டுமே கணக்கில் வைத்தார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அதே நாளில் அவருக்குப் பத்தாண்டுக்கான டிரிபியூன் அதிகாரமும் வழங்கப்பட்டது. வீட்டில் தன் பெயரில் ஒரு காசு வைத்துக்கொள்ள முடியாதவர், வெளியே செனட்டின் முடிவையே தடுத்து நிறுத்த வல்லவராக இருந்தார். வாரிசுரிமை என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். தத்து பெயரைத் தந்தது. டிரிபியூன் அதிகாரம் அந்தப் பெயருக்குப் பொருள் தந்தது. அக்ரிப்பாவுக்குக் கி.மு. 18இல் அது கிடைத்தபோதும், டைபீரியஸின் மகன் ட்ரூசஸுக்குக் கி.பி. 22இல் அது கிடைத்தபோதும், ரோமில் எல்லோருக்கும் அதன் பொருள் விளங்கிற்று.

லிவியாவைப் பற்றி: லூசியஸ் ஸ்பெயின் படைகளை நோக்கிச் செல்லும் வழியில் நோயுற்று இறந்தார். கயஸ் ஆர்மீனியாவில் அர்த்தகிரா கோட்டை முற்றுகையின்போது பேச்சுவார்த்தை என்ற பெயரில் வஞ்சகமாகக் காயப்படுத்தப்பட்டு, உடலும் மனமும் தளர்ந்து, திரும்பும் வழியில் இறந்தார். இரண்டுமே ரோமிலிருந்து நெடுந்தொலைவில் நடந்தவை. மார்செல்லஸின் சாவில் லிவியாவின் மீதான ஐயத்தைக் குறிப்பிடும் காசியஸ் டியோவே, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நோய் பரவிப் பலர் இறந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். போஸ்துமஸின் கொலை மட்டும் வேறு வகை. அதில் ஆணை ஒன்று இருந்தது. ஆணையிட்டது அகஸ்டஸா, லிவியாவா, டைபீரியஸா என்பதே கேள்வி. கொன்றுவிட்டு வந்து அறிவித்த காவலர் தலைவரிடம், தாம் அப்படி ஆணையிடவில்லை என்றும் செனட்டில் அவர் பதில் சொல்ல வேண்டும் என்றும் டைபீரியஸ் கூறினார். அந்த ஆணை எழுதிய மடலைக் கொண்டுசேர்த்த சல்லுஸ்தியஸ் கிறிஸ்பஸ் பதறிப்போய் லிவியாவிடம் ஓடி, வீட்டு இரகசியங்களை வெளியே விட வேண்டாம் என்று மன்றாடியதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். விசாரணை நடக்கவில்லை.

பழங்காசு எழுதியது:

கயஸ், லூசியஸ் பற்றிய பேச்சு வந்ததால் நாணயங்கள் தொடர்பாக ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் வட்டாரத்திலும் தென்னிந்தியாவின் பிற இடங்களிலும் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைகளே மிகுதி. அவற்றுள் ஒன்று லுக்துனும் நகரில் (இன்றைய பிரான்சின் லியோன்) ஏறத்தாழ கி.மு. 2 முதல் அடிக்கப்பட்டது. அதன் முன்பக்கம் அகஸ்டஸின் தலை. பின்பக்கத்தில் டோகா அணிந்த இரண்டு இளைஞர்கள் நம்மைப் பார்த்தபடி நிற்கிறார்கள்; இருவர் கையும் தரையில் ஊன்றிய வட்டக் கேடயங்களின் மேல் இருக்கிறது; கேடயங்களுக்குப் பின்னால் ஈட்டிகள், மேலே பூசாரிகளின் அகப்பையும் வளைகோலும். அகஸ்டஸின் மக்கள், கான்சலாகக் குறிக்கப்பட்டவர்கள், இளைஞர் தலைவர்கள் என்று சுற்றிலும் எழுத்துகள். தராசு வைத்து வாங்கிய அதே இரு பிள்ளைகள்தான் இவர்கள். மிளகும் முத்தும் பச்சைக்கல்லும் வாங்க வந்த வணிகர்கள், அகஸ்டஸின் வாரிசுத் திட்டத்தையே வெள்ளியில் அடித்துக் கொங்கு நாட்டில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

மற்றொரு வகை டைபீரியஸுடையது. அதன் பின்பக்கத்தில் கையில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் லிவியா என்று பலரும் கருதுகிறார்கள். இந்த இரண்டு வகைகளும் ஒரே பானையில் கிடைப்பதுண்டு.

நாழிகை எழுதியது:

அரிய செய்தி, நன்றி. இரண்டு குடிப் போட்டி என்ற என் கருத்தைப் பொருநை கி.பி. 4ஆம் ஆண்டுத் தத்தோடு முடித்துவிட முயல்கிறார். ஆனால் அதற்குப் பிறகுதான் அது கூர்மையாகிறது என்பேன். ஜெர்மானிக்கஸ் கி.பி. 19 அக்டோபரில் அந்தியோக்கியாவில் 33 வயதில் இறக்கிறார். சிரியாவின் ஆளுநர் பீசோவே தமக்கு நஞ்சிட்டார் என்று அவர் நம்பினார். பீசோவின் மனைவி பிளாங்கினா லிவியாவின் தோழி. வழக்கு முடியுமுன் பீசோ தற்கொலை செய்துகொண்டார். பிளாங்கினா லிவியாவின் வேண்டுகோளால் மன்னிக்கப்பட்டார். ஸ்பெயினில் கிடைத்த வெண்கலப் பட்டயங்கள் அந்தச் செனட் தீர்மானத்தை அப்படியே தருகின்றன. அதில் பிளாங்கினாவை மன்னித்ததற்கான காரணமாக லிவியாவின் வேண்டுகோளைச் செனட் தானே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

முல்லைத்திணை எழுதியது:

அந்தப் பட்டயம் லிவியாவின் செல்வாக்குக்குச் சான்று. நஞ்சுக்குச் சான்று அல்ல. பீசோ நஞ்சிட்டார் என்று செனட் தீர்ப்பளிக்கவில்லை. படையில் பிளவு உண்டாக்கியதும், தாம் விட்டுச்சென்ற மாகாணத்துக்குப் படையோடு திரும்பியதும், இறந்தவர் மீது பகைமை காட்டியதுமே அவர் மீதான முக்கியக் குற்றங்கள். அத்துடன், ஜெர்மானிக்கஸ் லிவியாவின் சொந்தப் பேரன். கிளாடியர்களுக்காக யூலியர்களை ஒழித்தார் என்று சொன்னால், அந்தப் பேரனை எதற்காகக் கொல்ல வேண்டும்? தீவில் கிடந்த இளைய ஜூலியாவை 20 ஆண்டுகள் தம் கைப்பொருளால் தாங்கியவரும் இதே லிவியாதான். லிவியாவை வெறுத்த டாசிட்டஸே இதைச் சொல்கிறார்.

ஜெர்மானிக்கஸுக்குப் பின் நடந்தவற்றில் லிவியாவைவிடக் காவற்படைத் தலைவர் செஜானஸைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கி.பி. 23இல் டைபீரியஸின் மகன் ட்ரூசஸ் இறந்தார். நோயென்று எல்லோரும் நம்பினர். எட்டாண்டுகளுக்குப் பின் செஜானஸ் வீழ்ந்தபோது, அவர் விலக்கி வைத்த மனைவி அபிக்காதா சாகுமுன் எழுதிய மடலில்தான், ட்ரூசஸின் மனைவி லிவில்லாவும் செஜானஸும் சேர்ந்து நஞ்சிட்டதாகக் குற்றச்சாட்டு வந்தது. லிவில்லா ஜெர்மானிக்கஸின் தங்கை. அவருடைய மகன் கெமெல்லஸ் டைபீரியஸின் சொந்தப் பேரன். அக்ரிப்பினாவின் மூன்று மகன்களும் அந்தப் பேரனுக்கு முன்னால் நின்றார்கள். அண்ணன் பிள்ளைகளுக்கும் தங்கை பிள்ளைக்கும் இடையே வளர்ந்த இந்தப் போட்டியைச் செஜானஸ் தமக்குப் பயன்படுத்திக்கொண்டார். கி.பி. 29இல் அக்ரிப்பினாவும் மூத்த மகன் நீரோவும் (பின்னாளில் ரோமை ஆண்ட நீரோ அல்லர்) தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர்; அந்த நீரோ கி.பி. 31இல் இறந்தார். இரண்டாம் மகன் ட்ரூசஸை அரண்மனையின் அடித்தளத்தில் அடைத்துப் பட்டினி போட்டார்கள்; படுக்கையின் பஞ்சைத் தின்று ஒன்பது நாள் உயிர் வைத்திருந்து கி.பி. 33இல் இறந்தார். அக்ரிப்பினாவும் அதே ஆண்டில் பந்தாத்தேரியாவில் இறந்தார். மூன்றாவது மகன் கலிகுலா மட்டும் எஞ்சினார்.

இந்த அம்மையாரைப் பற்றிய ஒரு செய்தி என்னை நெடுநாளாக உறுத்துகிறது. கணவரை இழந்து ஏழாண்டுகளுக்குப் பின், நோயுற்றுக் கிடந்தபோது பார்க்க வந்த டைபீரியஸிடம் அவர் அழுது, தமக்கு ஒரு கணவரைத் தேடித் தருமாறு கேட்டார். டைபீரியஸ் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அகஸ்டஸின் பேத்தியை மணப்பவர் மறுநாளே போட்டியாளர் ஆவார் என்பதால் பதில் சொல்ல இயலவில்லை. இதை வேறு எந்த வரலாற்றாசிரியரிடமும் காணாமல், அக்ரிப்பினாவின் மகளான இளைய அக்ரிப்பினா எழுதிய நினைவுக் குறிப்புகளில் கண்டதாக டாசிட்டஸ் சொல்கிறார். நாம் படிக்கும் செய்திகளில் ஒரு பகுதி, போட்டியில் பங்கெடுத்த ஒருவரே தம் தாயின் தரப்பிலிருந்து எழுதியது என்பதை லிவியாவைக் குற்றம் சாட்டுமுன் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கி.பி. 37இல் ஆட்சிக்கு வந்ததும் கலிகுலா தாமே கடலில் சென்று தாயின் எலும்புகளைக் கொண்டுவந்து அகஸ்டஸின் கல்லறையில் வைத்தார். எலும்புக் கலசம் இருந்த சதுரக் கல் இன்றும் ரோமில் கேப்பிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடைக்காலத்தில் அதைத் தானியம் அளக்கும் மரக்காலாகப் பயன்படுத்தியதற்கான அடையாளம் அதன் மேலேயே செதுக்கப்பட்டுள்ளது. மூல எழுத்து இதுதான்: மார்க்கஸ் அக்ரிப்பாவின் மகளும், தெய்வமான அகஸ்டஸின் பேத்தியும், ஜெர்மானிக்கஸ் சீசரின் மனைவியும், ஆட்சித் தலைவர் கயஸ் சீசரின் (கலிகுலாவின்) தாயுமான அக்ரிப்பினாவின் எலும்புகள். சட்டப்படி அக்ரிப்பினாவுக்கு மாமனாரும் கலிகுலாவுக்குத் தாத்தாவுமான டைபீரியஸின் பெயர் அந்தக் கல்லில் இல்லை. எந்த உறவைச் சொல்வது, எந்த உறவை விடுவது என்பதே அந்தக் குடும்பத்தில் அரசியல்.

கல்மாடம் எழுதியது:

தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு விளங்காத ஒன்று உண்டு. கிளாடியஸுக்கு பிரிட்டானிக்கஸ் என்ற சொந்த மகன் இருந்தும், மனைவி கொண்டுவந்த பிள்ளையான நீரோவைத் தத்தெடுத்து, அவரை முன்னால் நிறுத்தியது ஏன்? மனைவியின் பேச்சுக்கு ஆடினார் என்ற வழக்கமான விடை போதுமா?

பொருநை எழுதியது:

போதாது என்றே நினைக்கிறேன். கேள்விக்கு விடை அவர் ஆட்சிக்கு வந்த விதத்தில் இருக்கிறது.

டைபீரியஸின் உயில் கலிகுலாவையும் கெமெல்லஸையும் சம வாரிசுகளாக்கியிருந்தது. கலிகுலா அந்த உயிலைச் செனட்டைக் கொண்டு செல்லாததாக்கி, கெமெல்லஸைத் தத்தெடுத்து, ஓராண்டுக்குள் சாகடித்தார். கி.பி. 41 ஜனவரி 24இல் கலிகுலாவும் அவர் மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்டபோது, பெரியவர்களில் எஞ்சியவர் சித்தப்பா கிளாடியஸ். அண்ணன் ஜெர்மானிக்கஸ் தத்தின் வழியாக யூலியர் குடிக்குள் போனார். கிளாடியஸை யாரும் தத்தெடுக்கவில்லை. அகஸ்டஸ் அவருக்குத் தாய்வழிப் பாட்டி ஆக்டேவியாவின் உடன்பிறந்தவர், அவ்வளவுதான். சீசர் என்பது குடும்பப் பெயர். அதைச் சூடும் உரிமை பிறப்பாலும் தத்தாலும் கிடைக்காத நிலையில் அவர் அதைத் தாமே சூடிக்கொண்டார். பிரிட்டோரியக் காவற்படை வீரர் ஒவ்வொருவருக்கும் 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்தவர் அவர்.

இப்போது இரண்டு பிள்ளைகளையும் அருகருகே வையுங்கள். பிரிட்டானிக்கஸ் ஆட்சியாளரின் மகன். ஆனால் அவர் உடலில் அகஸ்டஸின் இரத்தம் இல்லை. அவருடைய தாய் மெஸ்ஸலினா கி.பி. 48இல் கொல்லப்பட்டு, சிலைகளும் பெயரும் அகற்றப்பட்டிருந்தன. நீரோவோ அகஸ்டஸின் எள்ளுப்பேரன், மக்கள் மறவாத ஜெர்மானிக்கஸின் மகள் வயிற்றுப் பேரன், மூன்று வயது மூத்தவர். கி.பி. 50இல் கிளாடியஸ் 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிரிட்டானிக்கஸுக்கு ஒன்பது வயது. நீரோவின் தாயான இளைய அக்ரிப்பினாவை வேறு யாராவது மணந்திருந்தால், நீரோவை முன்வைத்து அந்தக் கணவர் ஆட்சியைக் கோரியிருப்பார். ஆபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று கிளாடியஸ் கணக்கிட்டார். முன்னுதாரணமும் இருந்தது: பேரர்கள் இருந்தும் அகஸ்டஸ் மனைவியின் பிள்ளைகளை உயர்த்தினார், மகன் இருந்தும் டைபீரியஸ் ஜெர்மானிக்கஸைத் தத்தெடுத்தார் என்று அமைச்சர் பல்லஸ் வாதிட்டதாக டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். அவர் வாதத்தில் பொய் இல்லை. அந்த முன்னுதாரணங்களில் பின்தள்ளப்பட்ட பிள்ளைகளின் முடிவை மட்டும் அவர் சொல்லவில்லை.

இந்தத் திருமணத்துக்கே சட்டம் மாற வேண்டியிருந்தது. அக்ரிப்பினா கிளாடியஸின் அண்ணன் மகள். செனட் சிறப்புத் தீர்மானம் போட்டு, உடன்பிறந்தவனின் மகளை மணப்பதைச் சட்டப்படி அனுமதித்தது. சகோதரி மகளை மணப்பது அதன் பிறகும் குற்றமாகவே இருந்தது. அக்காள் மகளை முறைப்பெண்ணாகவும் அண்ணன் மகளைத் தன் மகளாகவும் கொள்ளும் நமக்கு இது முற்றிலும் தலைகீழாகத் தெரியும். ஆனால் அண்ணன் மகள் என்பதில் ரோமானியர்களுக்கு இருந்த அருவருப்பு நம்முடையதைப் போன்றதுதான். பிறகு நீரோவைத் தத்தெடுத்ததும் கிளாடியஸின் மகள் ஆக்டேவியா அவருக்குச் சட்டப்படி தங்கை ஆகிவிட்டார். இருவருக்கும் திருமணம் செய்ய வேண்டியிருந்ததால், ஆக்டேவியாவை வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்து அந்த உறவை அறுத்தார்கள். உறவைக் கட்டவும் அறுக்கவும் இவ்வளவு எளிதாக முடிந்த வீட்டில், பிறப்பால் வந்த உறவுக்கு என்ன பாதுகாப்பு இருந்திருக்கும்?

கி.பி. 51இல் நடந்த விளையாட்டுகளில் நீரோ வெற்றி ஊர்வலத் தளபதியின் உடையிலும், பிரிட்டானிக்கஸ் சிறுவர்க்குரிய கரையிட்ட டோகாவிலும் மக்கள்முன் வந்தார்கள். பார்த்தவர்கள் இருவரின் எதிர்காலத்தையும் உடையிலேயே படித்துக்கொள்ளட்டும் என்பதே நோக்கம் என்கிறார் டாசிட்டஸ். தத்து நடந்த பின்னும் பிரிட்டானிக்கஸ் நீரோவை அவருடைய பழைய குடும்பப் பெயராலேயே அழைத்தார். அந்தச் சிறுவனுக்குத் தன் நிலை நன்றாகப் புரிந்திருந்தது. கி.பி. 54 அக்டோபர் 13இல் கிளாடியஸ் இறந்தபோது உயில் பொதுவில் படிக்கப்படவில்லை. சொந்த மகனைவிடத் தத்து மகன் மேலாக வைக்கப்பட்டதைக் கேட்டு மக்கள் கொதிப்பார்கள் என்று அஞ்சினார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், 14 வயது நிறையுமுன், நீரோவின் விருந்து மண்டபத்தில், இளைஞர்களுக்கென்று இடப்பட்ட தனி மேசையில் பிரிட்டானிக்கஸ் விழுந்து இறந்தார். சுவை பார்ப்பவர் சுவைத்துக் கொடுத்த சூடான பானத்தை அவர் வேண்டாமென்று தள்ள, அதில் கலந்த குளிர்ந்த நீரில் நஞ்சு இருந்தது என்பது டாசிட்டஸ் தரும் விவரம். பக்கத்தில் அமர்ந்திருந்த தோழர் டைட்டஸ், பின்னாளில் ரோமை ஆண்டவர். தாம் பிறந்த நாளிலிருந்து தயாராக இருந்த உரிமையைத் தவிர வேறு குற்றம் எதுவும் பிரிட்டானிக்கஸ் செய்யவில்லை.

கல்மாடம் எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. கி.பி. 68இல் நீரோ தற்கொலை செய்துகொண்டபோது அகஸ்டஸின் வழியில் வேறு யாருமே எஞ்சவில்லையா?

முல்லைத்திணை எழுதியது:

இதற்கு நான் விடை சொல்கிறேன், ஏனெனில் சிலானஸ் குடும்பத்தை நாம் இதுவரை தொடவே இல்லை. தீவில் இறந்த இளைய ஜூலியாவுக்கு எமிலியா லெப்பிதா என்ற மகள் உண்டு. அவருடைய பிள்ளைகள் நீரோவைப் போலவே அகஸ்டஸின் எள்ளுப்பேரர்கள். உறவில் ஒரு படியும் குறைந்தவர்கள் அல்லர். மூத்தவர் மார்க்கஸ் சிலானஸ் பிறந்தபோது அகஸ்டஸே உயிரோடு இருந்தார்.

இரண்டாமவர் லூசியஸ் சிலானஸுக்கு ஆக்டேவியாவை நிச்சயம் செய்திருந்தார்கள். நீரோவுக்கு இடம் தேவைப்பட்டபோது, அவர் தம் தங்கை ஜூனியா கல்வினாவோடு தகாத உறவு கொண்டார் என்று குற்றம் சாட்டிப் பதவியைப் பறித்தார்கள். கிளாடியஸ் அண்ணன் மகளை மணந்த அதே நாளில் அவர் தற்கொலை செய்துகொண்டார். நீரோ ஆட்சிக்கு வந்ததும் விழுந்த முதல் உயிர், ஆசியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த மார்க்கஸ் சிலானஸுடையது. சோம்பலும் சாதுவுமான மனிதர். கலிகுலா அவரைப் 'பொன் ஆடு' என்று அழைத்ததுண்டு. கி.பி. 64இல் இன்னொரு சகோதரர் டெசிமஸும், 65இல் மார்க்கஸின் மகன் லூசியஸும் மடிந்தனர். அந்த இளைஞர் ஆயுதம் ஏந்தி வந்தவர்களை வெறுங்கையால் எதிர்த்து நின்று, போரில் விழுவதுபோல் முன்பக்கக் காயங்களோடு விழுந்தார். டைபீரியஸின் கொள்ளுப்பேரன் ரூபெல்லியஸ் பிளவுதஸும், ஆக்டேவியாவும் கி.பி. 62லேயே போய்விட்டார்கள். ஆக்டேவியாவை அடைத்ததும் கொன்றதும் அகஸ்டஸின் மகள் ஜூலியாவின் காலத்திலிருந்து இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கென்றே வைத்திருந்த பந்தாத்தேரியா தீவில்தான்.

எஞ்சியவர் ஜூனியா கல்வினா. அண்ணனோடு சேர்த்துக் குற்றம் சாட்டி நாடு கடத்தப்பட்டதால், கொலைகள் நடந்த முதல் ஆண்டுகளில் அவர் ரோமில் இல்லை. கி.பி. 59இல் தாயைக் கொன்ற நீரோ, தாய் செய்ததைத் தாம் நீக்குவதாகக் காட்டிக்கொள்ள அவரைத் திரும்ப அழைத்தார். கி.பி. 79வாக்கில், அப்போது ரோமை ஆண்ட வெஸ்பாசியனின் கடைசி நாள்களில், அகஸ்டஸின் கல்லறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது என்று ஒரு தீய நிமித்தம் பேசப்பட்டபோது, அது அகஸ்டஸ் வழிவந்த ஜூனியா கல்வினாவுக்கான அழைப்பு என்று வெஸ்பாசியன் வேடிக்கையாகச் சொன்னதைச் சூட்டோனியஸ் பதிவு செய்துள்ளார். ஒரு தலைமுறைக்கு முன் அந்த இரத்தத்தைச் சுட்டிக்காட்டினாலே ஒருவர் தலை போயிருக்கும். வெஸ்பாசியனுக்கு வளர்ந்த மகன்கள் இருவர் இருந்தனர். அவர் அகஸ்டஸோடு எந்த உறவும் கோரவில்லை, கோரத் தேவையும் இல்லை. அந்த அம்மையாரை மணந்து ஆட்சியைப் பிடிக்கலாம் என்று நினைப்பவரும் அப்போது ரோமில் யாரும் இல்லை.